எட்டு ஐம்பதுக்குச் சாத்துகிற கதவு

எட்டு இருபதுக்கே வந்து உட்கார்ந்தாயிற்று. துறைத்தலைவர் அறைக்கு வெளியே கிடக்கிற பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் டொக்கென்று ஒரு பக்கம் இறங்கும், எழுந்தால் டொக்கென்று மறுபக்கம் இறங்கும். வெளியே ஒரு ஆள் வந்ததும் உள்ளே தெரியும், அந்த ஆளுக்குப் பொறுமை போனதும் தெரியும். ஆவுடையம்மாள் அதை ஏமாற்றக் கற்று வைத்திருந்தாள். வலது முனையில் உட்கார்ந்து இடது காலைத் தரையில் அழுத்திக்கொண்டால் பெஞ்சு வாயைத் திறக்காது. எம்.எஸ்சி. தாவரவியல் ரெண்டாம் வருஷத்துக்கு அவள் ரெப்பு. வகுப்புப் பிரதிநிதி என்று நோட்டீஸ் பலகையில் எழுதுவார்கள், வாயில் வருவது ரெப்புதான். ரெப்பாக இருந்து கற்றதில் இந்த பெஞ்சு வித்தையும் ஒன்று. எட்டே முக்காலுக்குக் கிளாஸ் கமிட்டி கூட்டம். எப்போதும் மத்தியானம் நடக்கிறது, சாருக்கு மத்தியானம் வேறு வேலை என்று இன்றைக்குக் காலையில் வைத்துவிட்டார்கள். உள்ளே போகணும், உட்காரணும், துறைத்தலைவர் பீர்முகமது சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, என்னம்மா, பசங்க தரப்புல குறை ஏதும் உண்டா என்பார், உண்டு சார் என்று சொல்லணும். அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. அதுக்கு எவ்வளவு மூச்சு வேணும்? கால் மூச்சு. உண்டு சார், முதல் பீரியடுக்கு எட்டு அம்பதுக்குக் கதவைச் சாத்திருதாங்க, டவுன் பஸ்ஸு எட்டு அம்பத்தஞ்சுக்குத்தான் வந்து சேருது, அதுல வாற பதினாலு பேருக்கு அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு சதவீதம் வரலை, இன்னைக்குச் சாயங்காலம் நீங்க லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா அந்தப் பதினாலு பேரும் பரீட்சை எழுத முடியாது. இதைச் சொல்ல ஒரு முழு மூச்சு. காலையில் குளிக்கும்போது ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், தண்ணி மாதிரி வந்தது. குளிக்கிற இடத்தில் யாருக்குத்தான் வராது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வராந்தா முழுக்க ஈரச் சுவரும் ஃபார்மலினும் கலந்த வாடை. அந்த வாடை வந்தாலே தனக்கு ஒரு தைரியம் வருகிறதென்று அவளுக்கு ஒரு நினைப்பு. முதல் வருஷம் இந்த வாடையில் மயங்கி விழுந்த ரெண்டு பேரை லேபிலிருந்து தூக்கிக்கொண்டு போனவள் அவள்தானே. சொல்லிரலாம். கதவைச் சாத்திருதாங்க சார். சாத்திருதாங்க.

சாத்திருதாங்க என்கிற இடத்தில்தான் மனசு போய் இடித்துக்கொண்டு நின்றது. யாரு சாத்துதா? முதல் பீரியடு எடுக்கிற தங்கபுஷ்பம் மேடமா வந்து சாத்துதாங்க? மேடம் பலகையைப் பார்த்து நின்று தேதியை எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவைச் சாத்தும்மா என்பாங்க. சாத்துகிறது ஆவுடையின் கை. அதுவும் சும்மா சாத்த முடியாது அந்தக் கதவை. மழையில் ஊதிப் போன பழைய மரக்கதவு, கடைசி நாலு விரல் அளவுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும், இடுப்பால் ஒரு இடி கொடுத்தால்தான் பொருந்தும். திங்கள், செவ்வாய், வியாழன், மூணு மாசமாக அந்த இடியை இடித்தது இந்த இடுப்புதான். முதல் நாள் கதவோரம் உட்கார்ந்ததால் வந்த வினை. ரெப்புக்கு ஓட்டு, தேர்தல் ஒன்றும் கிடையாது இங்கே. அன்றைக்கு மேடம் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கதவுகிட்ட இருக்கிற பொண்ணு, உன் பேரென்ன என்றாங்க. ஆவுடையம்மாள் மேடம். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நல்ல பேரு, நீயே ரெப்பா இரு. பையன்களில் அந்த நேரத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவன் லிவிங்ஸ்டன், அவனை எழுப்பி, நீயும் இரு என்றாங்க. அவளைக் கதவுக்காக, அவனை வாய்க்காக. நியமனம் முடிந்தது. அன்றிலிருந்து சாக்பீஸ் அவள், ப்ரொஜெக்டர் வயர் அவள், அட்டெண்டன்ஸ் நோட்டை ஆசிரியர் அறையிலிருந்து கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோய் வைப்பது அவள், முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டைத் தாடை வரைக்கும் அடுக்கிச் சுமந்து படி ஏறுவது அவள். ஒரு தூறல் விழுந்தால் போதும், ரெப்பு, நாளைக்கு லீவா என்று போன் அலறும். எனக்கெப்பிடித் தெரியும்? என்ன இப்பிடிச் சொல்லுதே, கலெக்டரு உங்கிட்ட கேட்டுட்டுத்தான் விடுவாருன்னுல்லா நாங்க நினைச்சிருக்கோம். பிடிச்சிருந்தது அவளுக்கு. மறைப்பானேன், ரொம்பவே பிடிச்சிருந்தது. யாருக்கு என்ன வரிசை எண், யார் எந்த ஊர், யார் எந்தப் பாடத்தில் திணறுவான், எல்லாம் அவளிடம் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஒரு வகுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறது குடத்தை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி, கழுத்து நிமிர்ந்துதான் போகும். அந்த நிமிர்ந்த கழுத்தோடு போய்த்தான் கதவையும் சாத்தினாள். பஸ்ஸில் வருகிற சுடலைவடிவு ஒருநாள் ரெண்டு அடி தூரத்தில் வந்துவிட்டாள். ரெண்டே அடி. நாலு விரல் இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது, நனைந்த முடி, வாயில் கவ்வின குடை, ஒரு கையில் ரெக்கார்டு. ஆவுடை பார்த்தாள். பார்த்துவிட்டு இடித்தாள். கதவு பொருந்தியது. வெளியே செருப்புச் சத்தம் தடதடவென்று வந்து, டக்கென்று நின்றது. அந்த நின்ற சத்தம் இருக்கே. ஓடி வருகிற சத்தத்தை விட, நின்றுபோகிற சத்தம் பெரிசாகக் கேட்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இடைவேளையில் வடிவு வந்து, ஏட்டி, இன்னைக்கு எடுத்ததைக் காட்டு, எழுதிக்கிடுதேன் என்றாள். நீ என்ன செய்வே, சொன்னதைத்தானே செஞ்சே என்றாள். கோபித்திருந்தால் தேவலை. ரெண்டு வசவு விட்டிருந்தால் அன்றைக்கே செரித்துப் போயிருக்கும். சொன்னதைத்தானே செஞ்சே. வடிவுக்கு அட்டெண்டன்ஸ் இப்போது அறுபத்தாறு. பரீட்சை எழுத விடாவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்காரணும், அப்படி ஒரு வருஷம் அவளுக்கு இல்லை. அவளுடைய வீட்டில் ரெண்டு வருஷம் என்று விரல் விட்டுச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

‘என்னம்மா ரெப்பு, கோழி கூவ வந்துட்டியா?’ என்று அட்டெண்டர் சிவனணைந்த அண்ணாச்சி சாவிக்கொத்தும் ஃப்ளாஸ்க்குமாக வந்தார். ‘உள்ள போயி ஃபேனைப் போட்டு இரியேன்.’ இருக்கட்டும் அண்ணாச்சி என்றாள். ‘மினிட்ஸ் நோட்டு?’ நேத்தே குடுத்துட்டேன்லா. ‘ஆமாமா, மேஜையில வச்சாச்சு. என்ன கையெழுத்தும்மா உனக்கு, அச்சடிச்ச மாதிரி.’ கதவைத் திறந்தார், மேஜையைத் துடைத்தார், ஜன்னலைத் தட்டித் திறந்தார், திரும்பி வந்தார். ‘டீயை இப்பவே ஊத்தி வச்சிரட்டா? ரெண்டு நிமிஷந்தானே உங்க கூட்டம், ஆறக்கூட நேரமிருக்காது.’ பொறவு ஊத்துங்க அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் ஆவும். ‘கொஞ்சம்னா?’ ரெண்டு தடவை டீ போடுற அளவுக்கு. அவர் ஃப்ளாஸ்க்கை அசைத்துப் பார்த்துக்கொண்டு அவளையும் பார்த்தார். ‘எழுதினது ஒண்ணு, நடக்கப்போறது ஒண்ணோ?’ என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவளுக்குத்தான் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கம். கூட்டம் நடந்த பிறகு எழுத நேரம் இருக்காது என்று, முந்தின நாளே கூட்டக் குறிப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிடணும். எழுதுவது பெண் ரெப்பு, கையெழுத்து அழகாக இருக்கும் என்று. பேசுவது ஆண் ரெப்பு. எதைப் பார்த்து எழுதுவது? போன தடவை எழுதினதைப் பார்த்து. போன தடவை எழுதினவள் அதுக்கு முந்தினதைப் பார்த்து எழுதியிருப்பாள். அப்படியே போய்ப் போய், ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற ஒரு சார் ரெண்டு வருஷமாக எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தார், நோட்டில். அதைக் கண்டுபிடித்து எடுத்தவள் ஆவுடை. அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பேர்ப்பட்டவள் நேற்று என்ன செய்தாள்? மத்தியானம் நோட்டைக் கையில் கொடுத்து, நாலு மணிக்குள்ள வேணும்மா என்றார்கள், லேபில் வேலை குவிந்து கிடந்தது, கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. மாணவர்கள் தரப்பில் குறை எதுவும் இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. அடுத்த வரி, நன்றியுரையுடன் கூட்டம் இனிது நிறைவுற்றது. கீழே, தே. ஆவுடையம்மாள், ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு புள்ளி. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாலு படி இறங்கின பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. திரும்பி ஓடினால் அறை பூட்டியாச்சு. ஆக, இன்னும் நடக்காத கூட்டம் உள்ளே மேஜை மேல் இனிது நிறைவுற்றுக் கிடக்கிறது. இவள் வெளியே உட்கார்ந்து மூச்சை அளந்துகொண்டிருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. லிவிங்ஸ்டன். ‘செங்காட்டூர் விலக்கு. சீட்டு கிடையாது. ஒத்தக்கால்ல நிக்கேன்.’ மணி எட்டு முப்பத்தொன்று. செங்காட்டூர் விலக்கிலிருந்து ஆலைமுக்கு, ஆலைமுக்கிலிருந்து புதுமனை, பிறகு பல்கலைக்கழக வாசல். அந்த வழி அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், ஹாஸ்டலில் இருக்கிறவள் அந்த பஸ்ஸில் நாலு தரம்தான் போயிருப்பாள், இருந்தாலும் தெரியும். முன்னே எல்லாம் வாய்க்கால் பாலம் வழியாக நேரே வந்து எட்டு முப்பத்தைந்துக்கே இறக்கிவிட்டுவிடும். ஜூலைக் கடைசியில் பாலத்தைக் கட்டுவதற்காக இடித்துப் போட்டார்கள், பஸ் ஆலைமுக்கைச் சுற்றிக்கொண்டு வருகிறது, இருபது நிமிஷம் போய்விட்டது. அதுக்கு முந்தின பஸ் ஆறே முக்காலுக்கு. அதில் வா என்றால் வடிவு ஐந்து மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பணும். ஆகஸ்ட் கூட்டத்திலேயே சொல்லியிருக்கணும் இதை. சொல்லிருவோம்ட்டி, நீ எழுது, நான் பேசுதேன் என்று இதே பெஞ்சில் டொக் டொக்கென்று ஆடிக்கொண்டு லிவி சொன்னான். பஸ்ஸில் வருகிற பதினாலு பேரில் அவனும் ஒருத்தன், அவனுக்கு இல்லாத வேகமா. உள்ளே போனார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார், குறை ஏதும் உண்டாப்பா என்றார். லிவி அவர் மேஜை மேலிருந்த கள்ளிச்செடித் தொட்டியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எல்லாம் நல்லாப் போகுது சார், குடிதண்ணி ரொம்ப நல்லா இருக்கு என்றான். குடிதண்ணி! யாரும் கேட்கவே இல்லை குடிதண்ணியை. வெளியே வந்ததும் ஆவுடை அவனை ஒரு பார்வை பார்த்தாள். சாரு கண்ணாடியைக் கழட்டினாருல்லா, அதுல எல்லாம் மறந்துட்டுட்டி. கழட்டினா அவருக்குத்தானல கண்ணு தெரியாது, உனக்கென்ன? அன்றிலிருந்து வகுப்பில் அவன் பெயர் குடிதண்ணி. அவனைப் பார்த்துச் சிரித்தாளே, அவள் என்ன செய்தாள் அன்றைக்கு? பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள், வாய் இருந்ததே. அவன் பேசுகிறவன், நான் எழுதுகிறவள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா ஒரு சௌகரியம். பேனா கையில் இருந்தால் வாய்க்கு வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது. இன்றைக்குப் பேனா கொண்டுவரவில்லை. வேணுமென்றே வைத்துவிட்டு வந்தாள். வேணுமென்றேதானா, மறந்துதானா? வேணுமென்றே என்று வைத்துக்கொள்வோம், அதுதான் நல்லா இருக்கு.

பயம் என்று பார்த்தால் பீர்முகமது சாரிடம் இல்லை. அவர் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. தங்கபுஷ்பம் மேடம் பக்கத்து நாற்காலியில் இருப்பாங்களே, அதுதான். கெட்டவங்களாக இருந்தால் எவ்வளவு லேசாக இருக்கும். கெட்டவங்களைப் பற்றிச் சொல்ல வாய்க்கு ருசியாகவே இருக்கும். மேடம் எடுக்கிற பாடத்தை யாரும் குறை சொல்லட்டும் பார்ப்போம். ஒரு புல்லை நறுக்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து, பாரு, உள்ளே எத்தனை அறை, எத்தனை வாசல், ஒரு ஊரே இருக்கு பாரு என்பாங்க. இலையில் இருக்கிற சின்னத் துளை, அதுக்கு ரெண்டு பக்கமும் காவல் நிற்கிற செல்லு, வெயிலையும் ஈரத்தையும் பார்த்துத் திறக்கிறதும் மூடுகிறதும். புல்லு கடிகாரம் பார்த்துக் கதவைச் சாத்துறதில்லை என்று ஒருநாள் மேடமே சொன்னாங்க, எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கும் எட்டு ஐம்பதுக்குக் கதவைச் சாத்தித்தான் சொன்னாங்க. மேடத்துக்கு அது தெரியவே இல்லை, ஆவுடைக்கும் அன்றைக்குத் தெரியவில்லை, இப்போது நினைத்தால் பெஞ்சில் தனியே உட்கார்ந்து சிரிப்பு வந்தது. ஆனால் மேடத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பாடம் பாதியில் இருக்கும்போது ஒருத்தர் ஒருத்தராக உள்ளே வந்தால் நூல் அறுந்துபோகிறதாம். மேடம்தான் ஆவுடைக்குப் பிராஜெக்ட் வழிகாட்டி. வீட்டிலிருந்து கிழங்கு அவித்துக் கொண்டுவந்து, சாப்பிடும்மா, எலும்பா இருக்கே என்று கொடுக்கிறவங்க. அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து உங்க கதவால பதினாலு பேரு என்று எப்படி ஆரம்பிப்பது? முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டால்? இவளா, இவளா சொன்னா என்று பார்த்துவிட்டால்? ஒரு பார்வைதான், ஆனால் அது ஒருநாளோடு போகாது, பிராஜெக்ட் முடிகிற வரைக்கும் மைக்ராஸ்கோப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும். தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஒருநாள் ஆசிரியர் அறை வரை போனாள். மேடம் கிழங்கை எடுத்து நீட்டினாங்க. தின்றுவிட்டு வந்துவிட்டாள். குடிதண்ணியும் அவிச்ச கிழங்கும். லிவிக்கு ஒரு பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்தால் இவளுக்கும் ஒரு பெயர் ரெடி.

எட்டு முப்பத்தெட்டு. ‘ஆலைமுக்கு. முன்னால மாட்டு வண்டி.’ போன் அதிர்ந்து அடங்கியது. தூறல் கொஞ்சம் வலுத்தது, வராந்தாவின் ஓரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஏற்கெனவே குழியாகியிருந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஏனோ அப்பா ஞாபகம் வந்தது. அப்பா ரயில்வே கேட் கீப்பர். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டைப் போட்டுவிடுவார். போட்டால் போட்டதுதான். ரெண்டு அடியில் ஒரு வண்டி வந்து நிற்கும், அண்ணாச்சி, ஒரே ஒரு வண்டி அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி, கல்யாணத்துக்கு அண்ணாச்சி. பிறகு மரியாதை தேயும். யோவ். அதுக்கும் பிறகு வாயில் வராத வார்த்தை. சின்ன வயசில் கேட் பக்கத்துக் குடிசை வாசலில் நின்று அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள். அதனால்தானோ என்னவோ கதவைச் சாத்துகிற காரியம் அவளுக்கு அவ்வளவு இயல்பாக வந்தது. நேரம் ஆனால் சாத்தணும், திட்டினால் திட்டட்டும், அதுதான் பொறுப்பு என்று ரத்தத்தில் இருந்ததோ. ரெண்டு அடி. வடிவுக்கும் ரெண்டு அடி. ஆனால், இங்கே நினைப்பு ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, சொட்டுகிற தண்ணீரும் நின்ற மாதிரி இருந்தது. அப்பா திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார், வாயைத் திறக்க மாட்டார், தூரத்தில் ரயில் கூவுகிற பக்கமாகக் கையை மட்டும் காட்டுவார். அதோ, வண்டி வருதுல்லா. திட்டினவனும் அந்தப் பக்கம் பார்ப்பான். வண்டி வந்துவிடும், தடதடவென்று போய்விடும், கேட் உயரும், திட்டினவனே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். அங்கே ஒரு ரயில் இருந்தது. இங்கே எந்த ரயில் வருது? எட்டு ஐம்பதுக்கு மூன்றாம் எண் வகுப்பறையில் எந்த ரயில் வந்துவிடப் போகிறது என்று நான் இடுப்பால் இடித்தேன்? காட்டச் சொன்னால் எந்தப் பக்கம் கையைக் காட்டுவேன்? மூணு மாசம் திங்கள், செவ்வாய், வியாழன் கேட்டைப் போட்டாச்சு, ஒரு வண்டியும் வரவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போச்சு. அட, இவ்வளவுதானே. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை நாள். காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, பெஞ்சு டொக்கென்றது. சொல்லட்டும். வெளியே ஆள் இருக்கு என்று எல்லாருக்கும் சொல்லட்டும்.

பேசுவதா? பேசலாம். ஆனால் பேச்சை யாரும் எப்படி வேணுமானாலும் மடக்கிவிடலாம். நேரத்தோட கிளம்பச் சொல்லும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, பேச்சு அங்கேயே உட்கார்ந்துவிடும். அதுவும் உள்ளே அவள் எழுத்திலேயே, அவள் கையெழுத்தோடு, குறை எதுவும் இல்லை என்று கிடக்கிறது. ஒரு வாய்க்கு எதிராக ஒரு கை. போனை எடுத்தாள். வகுப்புக் குழுவில் போட்டாள்: ‘பஸ்ஸில் வாற எல்லாரும் இறங்கினதும் கிளாசுக்குப் போகாதீங்க. நேரா ஹெச்.ஓ.டி. ரூமுக்கு வாங்க. தினமும் எப்பிடி வருவீங்களோ அப்பிடியே ஓடி வாங்க.’ பிறகு லிவி: ‘உள்ள விடுவாங்களாட்டி? கூட்டம் ஆரம்பிச்சிருக்கும். கதவைச் சாத்திருப்பாங்க.’ அடுத்து வடிவு, ஒரே வரி: ‘எங்களால உனக்கு வம்பு வேண்டாம்ட்டி.’ ஆவுடை எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ‘கதவுகிட்ட நான் நிப்பேன்.’

தங்கபுஷ்பம் மேடம் குடையை உதறிக்கொண்டு வந்தாங்க. ‘சாப்பிட்டியா?’ சாப்பிட்டேன் மேடம். ‘பொய். சாப்பிட்ட முகமா இது? கூட்டம் முடியட்டும், வா, இட்லி இருக்கு.’ உள்ளே போனாங்க. கிழங்கு தின்ன மாதிரி இட்லியும் தின்றுவிடலாம், அது வேற, இது வேற. மேடம் மேலே உள்ள பிரியம் அப்படியே இருக்கட்டும், பிரியத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசணும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. சார் எட்டு நாற்பத்தொன்பதுக்கு வந்தார், மழை, தாமதமாயிட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுழைந்தார். ஆவுடை மணியைப் பார்த்தாள், சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சாருக்குப் பின்னால் யாரும் கதவைச் சாத்தவில்லை. போன் அதிர்ந்தது, ‘புதுமனை தாண்டியாச்சு’. இன்னும் மூணு நிமிஷத்தில் வாசல். வாசலிலிருந்து ஓடினால் ரெண்டு நிமிஷம், வடிவு ஓடினால் ஒன்றரை. உள்ளேயிருந்து சார் குரல் வந்தது. எழுந்தாள். பெஞ்சு டொக்கென்றது.

‘வாம்மா, வா. அந்தக் கதவைச் சாத்திட்டு வா, ஒரே மழைச் சத்தம்.’

ஆவுடை கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்து, அகலத் திறந்து, சுவரோடு வைத்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

‘இன்னும் பதினாலு பேரு வரணும் சார்.’

‘பதினாலு பேரா? கமிட்டியில நீயும் அந்தப் பையனும்தானே?’

‘ஆமா சார். அந்தப் பையனும் அதுல ஒருத்தன். பஸ்ஸு வாசலுக்கு வந்துட்டு. அஞ்சு நிமிஷம் சார்.’

சார் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினதும் நோட்டு சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மறுபடி மாட்டிக்கொண்டு புரட்டினார். ‘குறை எதுவும் இல்லைன்னு இருக்கே. நீதானே எழுதியிருக்கே? இனிது நிறைவுற்றதுன்னு வேற போட்டிருக்கே.’

‘அது போன தடவையைப் பாத்து எழுதினது சார். நான் செஞ்ச தப்பு. இன்னைக்குள்ளது இனிமேதான் நடக்கணும்.’

டீத்தட்டோடு வந்த சிவனணைந்த அண்ணாச்சி வாசலில் அப்படியே நின்றார். தொண்டையில் எதையோ விழுங்கினார், சிரிப்பாகத்தான் இருக்கணும்.

‘என்னம்மா இதெல்லாம்?’ மேடத்தின் குரல் மெதுவாகத்தான் வந்தது. ‘எதுவா இருந்தாலும் எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?’

‘சொல்லியிருக்கணும் மேடம். வந்தேன், சொல்லாமப் போயிட்டேன். மூணு மாசமாக் கதவைச் சாத்தினது நாந்தானே, எனக்கு வாய் வரலை.’ ஒரு மூச்சு எடுத்தாள், முழு மூச்சு, ஃபார்மலின் வாடையோடு. ‘பாலம் இடிச்சதுலருந்து டவுன் பஸ்ஸு எட்டு அம்பத்தஞ்சுக்குத்தான் வருது மேடம். அதுக்கு முந்தினது ஆறே முக்கால். எட்டு அம்பதுக்கு நான் சாத்திருதேன். பதினாலு பேருக்கு எழுபத்தஞ்சு இல்லை, சுடலைவடிவுக்கு அறுபத்தாறு. எல்லாரும் வந்திருக்காங்க மேடம். தினமும் வந்திருக்காங்க. கதவுக்கு வெளியில வந்திருக்காங்க. சாயங்காலம் லிஸ்ட்டு போறதுக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் அவங்களை ஒருதரம் பாக்கணும்.’

மேடத்தின் முகம் அவள் பயந்த மாதிரிதான் ஆனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்க முடிந்தது. கை கைப்பிடியிலேயே இருந்தது. மழை பெய்தது. சார் பேனா மூடியைத் திறந்தார், நோட்டில் எதையும் எழுதவில்லை, மூடினார்.

அப்போதுதான் வராந்தாவின் கடைசியில் அது ஆரம்பித்தது. முதலில் ஒரு ஜோடிச் செருப்பு, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாதபடி ஈரத் தரையில் தடதடவென்று. மேடம் நாற்காலியில் நிமிர்ந்தாங்க. ‘யாரு இது, இப்பிடி ஓடி வாறது?’

‘தினமும் இப்பிடித்தான் மேடம் வருவாங்க. கதவு சாத்தியிருக்கும், உங்களுக்குக் கேக்காது.’

மேடம் எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் ஆவுடையை ஒட்டி நின்று வெளியே எட்டிப் பார்த்தாங்க. வடிவுதான் முன்னால் வந்தாள், குடையை வாயில் கவ்விக்கொண்டு. சத்தம் நெருங்கியது, பெஞ்சைத் தாண்டியது, எப்போதும் டக்கென்று நின்றுபோகிற அந்த ரெண்டு அடிக்கு வந்தது. நிற்கவில்லை.